மூன்றாம் மாடித் தண்ணீர்

சென்னம்மாளைச் சந்தேகப் பிராணி என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வராது. சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருடமாக அவள் செக்கிங் மேஜையில் நிற்கிறாள். தைத்து வருகிற ஒவ்வொரு பனியனையும் உதறி, உள்ளும் புறமும் திருப்பி, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். குறையே இல்லாத பனியன் கைக்கு வந்தால் அவளுக்கு நிம்மதி வராது. எதையோ தவறவிட்டுவிட்டோம் என்றுதான் தோன்றும். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களையும் இப்படியே உதறித் திருப்பிப் பார்த்து ஆளுக்கொரு குறை கண்டுபிடித்து அனுப்பிவிட்டாள். இருபத்தொன்பது வயதாகிறது, இன்னும் அவள் ஒருத்திதான்.

ஆனால் இந்த வருடம் அவளுக்கு வந்த சந்தேகத்தில் சிரிக்க எதுவும் இல்லை.

சென்னம்மாள் இருளர் வீட்டுப் பெண். மேற்கே மலையடிவாரத்தில் ஈச்சம்பதி அவள் ஊர். இருளர் குடியிருப்பைப் பதி என்பார்கள். இருபது வீடு, ஒரு கோயில், யானை வந்தால் தட்டுவதற்கு ஒரு தகரம், அவ்வளவுதான் ஈச்சம்பதி. அங்கிருந்து முதன்முதலில் திருப்பூருக்கு வேலைக்கு வந்தவள் அவள். வருடா வருடம் ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு அவள் புதுத்துணியோடு முழுசாகத் திரும்பி வருவதைப் பார்த்த பிறகுதான் மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் பெண்களை அனுப்பினார்கள். கம்பெனியை நம்பி யாரும் அனுப்பவில்லை, சென்னம்மாளை நம்பித்தான் அனுப்பினார்கள். இப்போது கம்பெனி ஹாஸ்டலின் மூன்றாம் மாடியில் அவளையும் சேர்த்து ஈச்சம்பதிப் பெண்கள் ஒன்பது பேர். அதில் ஒருத்தி அவள் கூடப்பிறந்த தங்கை விஜயராணி. பத்தொன்பது வயது. தாய் தகப்பன் போன பிறகு அக்காவே சோறூட்டி வளர்த்த பிள்ளை.

மாசி மாதம் அபிராமி விழுந்தாள். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். எலும்புக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல் இருக்கிறது என்று அழுதாள். கம்பெனி வேன் வழக்கமாகப் போகும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மூன்று நாள் வைத்திருந்து, காய்ச்சல் என்று சீட்டில் எழுதி அனுப்பினார்கள். காலில் வலி என்று போனவளுக்குக் காய்ச்சல் என்று எழுதினால் சந்தேகம் வராதா? பங்குனியில் இன்னொருத்திக்குக் கண் மஞ்சளாகி, நெஞ்சு வலித்து, அதே ஆஸ்பத்திரி, அதே சீட்டு, அதே காய்ச்சல்.

கீழே இரண்டு மாடி நிறையத் தென்மாவட்டத்துப் பெண்களும் ஒடிசாப் பெண்களும் இருந்தார்கள். அவர்களும் அதே சாம்பாரைத்தான் சாப்பிட்டார்கள், அதே லைனில்தான் தைத்தார்கள். அவர்களில் ஒருத்திகூடப் படுக்கவில்லை. விழுவதெல்லாம் மலைப் பெண்களாகவே இருந்தது.

ஆளாளுக்கு ஒரு சந்தேகம் கிளம்பியது. நோம்பிக்கு லீவு கிடைக்காத கோபத்தில் நடிக்கிறார்கள் என்று ஹாஸ்டல் வார்டன் ஜானகியம்மாள் சந்தேகப்பட்டாள். பின்னால் இருந்து யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்று ஆபீஸில் ஆட்களைக் கவனிக்கும் அருள்குமார் சந்தேகப்பட்டார். மலைச்சாமியிடம் கேட்காமல் கீழே இறங்கிப் போன குற்றம் என்று பதியில் பேசிக்கொண்டார்கள். சென்னம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், எதையும் நம்பவில்லை. ஜானகியம்மாள் வலிக்கு என்று கொடுக்கும் ரோஸ் நிற மாத்திரையை முதலில் சந்தேகப்பட்டாள். பேரும் இல்லாமல் அட்டையும் இல்லாமல், ஒரு ஊறுகாய் பாட்டிலில் இருந்து எண்ணிக் கொடுக்கிற மாத்திரையை வேறெப்படிப் பார்ப்பது? நாலு மாத்திரையைப் பனியன் வேஸ்ட் துணியில் முடிந்து தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். ஆனால் அந்த மாத்திரையைக் கீழ்மாடிப் பெண்களும்தான் விழுங்கினார்கள். அப்படியென்றால் மூன்றாம் மாடிக்கு மட்டும் என்று தனியாக இருப்பது என்ன?

தண்ணீர்தான் தனியாக இருந்தது.

கீழ்மாடிகளுக்குக் கேன் தண்ணீர் வரும். மூன்றாம் மாடிக்கு மட்டும் லாரித் தண்ணீரைக் குழாயில் ஏற்றி ஒரு நீல டிரம்மில் பிடித்து வைப்பார்கள். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, மலைத் தண்ணி குடிச்சு வளந்த புள்ளைகளுக்கு எந்தத் தண்ணியும் ஒத்துக்கும் கண்ணு என்று ஜானகியம்மாள் வெகு அன்பாகச் சொல்லியிருந்தாள். சென்னம்மாள் டிரம்மின் மூடியைத் திறந்து குனிந்து முகர்ந்தாள். சுருக்கென்று மூக்கில் ஏறியது. சாயப்பட்டறை வாசலில் வருகிற நெடியில் பாதி இருந்தது அது.

ஈச்சம்பதியில் பாறை இடுக்கிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீர்தான் குடிதண்ணீர். அதற்கு வாசம் கிடையாது. என்றைக்காவது வாசம் அடித்தால் மேலே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். ஆண்கள் ஏறிப்போய்ப் பார்த்து, செத்ததை எடுத்துப் புதைத்து, ஊற்றுக்கண்ணைக் கழுவிவிட்டு வருவார்கள். அதுவரைக்கும் குழந்தை அழுதாலும் அந்தத் தண்ணீரைக் கொடுக்க மாட்டார்கள். அங்கே பிறந்த எந்தப் பிள்ளையும் தண்ணீரை முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்காது. குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்த மூக்கு இருக்காது.

பங்குனி கடைசியில் சென்னம்மாள் டிரம்மின் மேல் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினாள். எட்டுப் பேரையும் உட்கார வைத்து, குளிக்கலாம், துணி துவைக்கலாம், ஆனால் இந்தத் தண்ணீரில் ஒரு வாய்கூட யாரும் குடிக்கக் கூடாது என்று தங்கள் பாஷையில் கண்டிப்பாகச் சொன்னாள். கம்பெனியில் வைத்திருக்கிற குழாய்த் தண்ணீரிலும் அதே நெடி அடித்ததால் அதற்கும் தடை போட்டாள். கடையில் பாட்டில் வாங்கி இரண்டு பேருக்கு ஒரு பாட்டில் என்று ஒரு நாளை ஓட்ட வேண்டும். தாகம் எடுத்தால் கம்பெனி டீ இருக்கிறது. அக்கா சொன்னால் சொன்னதுதான். மறுபேச்சுப் பேச அவர்களில் யாரும் இல்லை.

கம்பெனிக்கு இதில் ஒரு சௌகரியமும் இருந்தது. நாற்பது பேர் தைக்கிற லைனுக்கு இரண்டே டோக்கன்தான். சூப்பர்வைசர் மேஜையின் ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டுதான் பாத்ரூம் போக வேண்டும். போனவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். அதற்குப் பயந்தே பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். மலைப் பெண்கள் இப்போது டோக்கனைத் தொடுவதே இல்லை. சூப்பர்வைசர் இதைக் கவனித்து, பாத்துக் கத்துக்கங்க என்று மற்றவர்களிடம் சொன்னார். அதைக் கேட்டு விஜயராணி பெருமையாகச் சிரித்தாள்.

சித்திரையில் இன்னொருத்தி விழுந்தாள். வைகாசியில் அபிராமி மறுபடியும் விழுந்தாள், இந்தத் தடவை ஆறு நாள். சென்னம்மாளுக்குக் கலங்கிவிட்டது. தண்ணீரை நிறுத்திய பிறகும் விழுகிறார்கள் என்றால் வேறு எதிலோ இருக்கிறது. சோற்றை முகர்ந்தாள், உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தாள், ஜானகியம்மாள் ஏற்றுகிற ஊதுபத்தியைக்கூட விட்டுவைக்கவில்லை. தண்ணீர்த் தடையை மட்டும் இன்னும் இறுக்கினாள். யாராவது திருட்டுத்தனமாகக் குடிக்கிறார்களோ என்று டிரம்மின் தண்ணீர் மட்டத்துக்கு நேரே கோடு போட்டு வைத்தாள்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. துவைத்த துணியை மொட்டைமாடிக்கு எடுத்துப்போன விஜயராணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சென்னம்மாள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது, கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வழக்கமான ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் படுக்கை காலி இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அதனால்தான் வேன் அரசு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது.

வேனில் அருள்குமாரும் வந்தார். கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவதற்கு முன்னால் சென்னம்மாளிடம் தணிந்த குரலில் ஒன்றைச் சொன்னார். ஹாஸ்டல், கம்பெனி என்று எதுவும் சொல்ல வேண்டாம், காங்கேயத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறோம் என்று சொன்னால் போதும்; வீணாக எழுத்தும் விசாரணையும் எதற்கு என்றார். எதையோ மறைக்கிறார் என்று சென்னம்மாளுக்குத் தெரிந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தங்கையை உள்ளே சேர்க்க வேண்டும் என்று தலையை ஆட்டினாள்.

டாக்டர் யாழினி சின்ன வயதுப் பெண். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள், கண்ணை இழுத்துப் பார்த்தாள், பிறகு சென்னம்மாள் பக்கம் திரும்பி எந்த ஊர், எந்த சனம் என்று விசாரித்தாள்.

சென்னம்மாள் டாக்டரை ஏறிட்டுப் பார்த்தாள். நோயைப் பார்க்க வந்தவளுக்குச் சாதி எதற்கு? பள்ளிக்கூடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன அன்றைக்குத்தான் அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். அம்மா சாகக் கிடந்தபோது ஓர் ஆஸ்பத்திரியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் பாம்பு பிடிப்பீர்களா என்று கேட்டுச் சிரித்தார்கள். அம்மாவின் கட்டிலையும் வராந்தாவுக்குத் தள்ளினார்கள். அவள் முகத்தை மாற்றாமல், நாங்கள் காங்கேயத்துக்காரர்கள், அங்கேதான் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டாள். டாக்டர் ஒரு நொடி பார்த்தாள். பிறகு சளி நெஞ்சில் இறங்கியிருக்கலாம் என்று மருந்து எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

பகல் பன்னிரண்டுக்கு விஜயராணி தாங்கவில்லை. மாஸ்க்குக்குள் மூச்சு சீறியது. காலையும் கையையும் மாற்றி மாற்றி அமுக்கச் சொன்னாள், அமுக்கினால் கத்தினாள். மணி இரண்டுக்குக் கத்துவதற்கும் தெம்பில்லை. கண்ணைத் திறக்காமலே தண்ணீர் கேட்டாள்.

கட்டிலுக்கு எதிரிலேயே குடிதண்ணீர்க் குழாய் இருந்தது. சென்னம்மாள் டம்ளரில் பிடித்தாள். தங்கையின் வாய்வரைக்கும் கொண்டுபோனவள், பழக்கத்தில் தன் மூக்கருகே வைத்து முகர்ந்தாள். அதே நெடி. மூன்றாம் மாடி டிரம்மில் வந்த அதே நெடி. இங்கேயுமா? டம்ளர் தண்ணீரைக் குழாயடியிலேயே கொட்டினாள். கொஞ்சம் பொறு கண்ணு, கடையில் நல்ல தண்ணி வாங்கிட்டு வந்துடறேன் என்று தங்கையின் காதில் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

வழியில் டாக்டர் யாழினி எதிரே வந்தாள். "ஏனுங்க, எங்க இப்படி ஓடறீங்க?"

தண்ணீர் வாங்க என்றாள் சென்னம்மாள்.

"வார்டுக்குள்ளயே தண்ணி இருக்குதுங்களே."

"அதுல வாசம் அடிக்குதுங்க. மோந்து பாத்துட்டுக் கீழ ஊத்திட்டேனுங்க."

"குளோரின் வாசம் தானுங்க. கிருமி சாகறதுக்குப் போடற மருந்து அது. வாசம் இருந்தாத்தான் தண்ணி சுத்தமா இருக்குதுன்னு அர்த்தம்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். அவள் முகம் மாறிப்போயிற்று. "நான் மலையடிவாரத்துல கேம்ப் பாத்திருக்கேனுங்க. பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணிய மோந்து பாத்துட்டுக் கீழ ஊத்தறது அங்க மட்டுந்தான். நெசத்தச் சொல்லுங்க, நீங்க எந்தப் பதி?"

பதி என்ற சொல்லை ஒரு டாக்டரின் வாயில் கேட்டதும் சென்னம்மாள் உஷாரானாள். இவள் எதற்காகத் தோண்டுகிறாள்? சொன்னால் கட்டிலை வெளியே தள்ளுவார்களா? மருத்துவக் காலேஜுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவார்களா? திரும்பிப் பார்த்தாள். வார்டின் கதவு வழியாக விஜயராணியின் பாதம் மட்டும் தெரிந்தது. வலியில் அது தன்பாட்டுக்குக் கோணிக்கொண்டிருந்தது. எல்லாரையும் சந்தேகப்பட்டு நான் மட்டும் என்ன கண்டேன் என்று அவளுக்கு அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது.

"பொய் சொல்லிட்டேனுங்க டாக்டரம்மா," என்றாள். "நாங்க இருளருங்க. ஈச்சம்பதி. எங்க சனத்துல இந்த வருசம் விழுந்தது இது அஞ்சாவது தடவைங்க."

டாக்டர் ஓடினாள். அதுவரைக்கும் டாக்டர்கள் ஓடி சென்னம்மாள் பார்த்ததில்லை.

விஜயராணியின் விரலிலிருந்து எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை ஒரு சின்னக் குழாயில் இருந்த மருந்தில் விட்டார்கள். பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையை வைத்தார்கள். மருந்து தெளிவாக இருந்தால் கோடு தெரியும் என்று டாக்டர் சொன்னாள். சென்னம்மாள் குனிந்து, பனியனைப் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்கு நேரே பார்த்தாள். குழாய் கலங்கி வந்தது. ஐந்து நிமிடத்தில் கோடு மறைந்துவிட்டது.

அதன் பிறகு கட்டிலைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். ரத்தம் ஏற்றினார்கள், சலைன் வேகத்தைக் கூட்டினார்கள், வலிக்கு நல்ல ஊசி போட்டார்கள். யாரும் கட்டிலை வராந்தாவுக்குத் தள்ளவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு விஜயராணி அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் தன்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னாள்.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள். "உங்க சனத்துல சில பேருக்குப் பொறந்ததுல இருந்தே ரத்தத்துல இது இருக்குமுங்க. சிக்கிள் செல்னு பேரு. ரத்தத்துல இருக்கற செகப்பணு உருண்டையா இருக்கோணும். இவங்களுக்கு ஒடம்புல தண்ணி வத்துனாலோ, ரொம்ப அசந்துபோனாலோ அது அருவா மாதிரி வளைஞ்சுக்கும். வளைஞ்சது போய் எங்க அடைக்குதோ அங்க உயிர் போற மாதிரி வலிக்கும். காலு, நெஞ்சு, முதுகு, எங்க வேணா. இதுக்கு மொத மருந்தே தண்ணிதானுங்க. நாளைக்கு மூணு லிட்டருக்குக் கொறையாமக் குடிக்கோணும்." நோட்டில் எழுதுவதற்காகப் பேனாவை எடுத்தாள். "இந்தப் புள்ளை இத்தன நாளா எவ்வளவு குடிச்சுதுங்க?"

சென்னம்மாள் மாதங்களை விரல்விட்டு எண்ணினாள்.

பின்னலாடை மெஷினிலிருந்து வருகிற துணியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓட்டை இருந்தால் நூலில் குறை. ஒரே வரிசையில் ஓட்டை வந்துகொண்டே இருந்தால் நூலில் குறை இல்லை. மெஷினில் ஓர் ஊசி உடைந்திருக்கிறது. செக்கிங்கில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. மாசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று. அதன் பிறகு அவள் டிரம்மில் ஸ்டிக்கர் ஒட்டினாள். அதற்குப் பிறகு சித்திரை, வைகாசி, ஆனி, மாதம் தவறாமல் ஒருத்தி. அபிராமி முதல் தடவை மூன்று நாள் படுத்தாள். ஸ்டிக்கருக்குப் பிறகு ஆறு நாள். தங்கை சாவின் வாசல்வரை போய் வந்திருக்கிறாள். வரிசை பிசகாமல் இருந்தது. அந்த ஊசி தான்தான் என்று தெரிந்ததும் சென்னம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். மாத்திரையை அவள் சந்தேகப்பட்டது சரி, சீட்டைச் சந்தேகப்பட்டது சரி, அருள்குமாரைச் சந்தேகப்பட்டதும் சரிதான். தண்ணீரை மட்டும் விட்டிருக்கலாம்.

ஆறு மணிக்கு அருள்குமார் ஆப்பிள் பையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததை சென்னம்மாள் பார்த்தாள். "அப்படின்னா இது ரத்தத்துல இருக்கற வியாதிங்க. கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க," என்றார். கூடவே, மலைப் பிள்ளைகள் எல்லாரையும் நாளைக்கே வேனில் பதிக்கு அனுப்பிவிடுவதுதான் அவர்களுக்கு நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ரத்தத்துல இருந்தது நெசந்தான் சார்," என்றாள் சென்னம்மாள். "ஆனா படுக்க வெச்சதுல உங்க டோக்கன் பாதி, நான் பாதி. என் பாதிய நான் சரி பண்ணிக்கறேன். உங்க பாதிய நீங்க பண்ணுங்க."

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் யாழினி ஒரு சீட்டில் எழுதினாள். தையல் மெஷின் பக்கத்திலேயே குடிதண்ணீர், எப்போது கேட்டாலும் பாத்ரூம், மீதி எட்டுப் பேருக்கும் நாளைக்கே ரத்தப் பரிசோதனை. கீழே கையெழுத்தும் முத்திரையும் வைத்தாள். அருள்குமார் சீட்டுக்காகக் கையை நீட்டினார். சென்னம்மாள் கொடுக்கவில்லை. எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுத்து ஜெராக்ஸை அவரிடம் கொடுத்துவிட்டு, அசலை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். இந்தச் சந்தேகத்தை மட்டும் அவள் விடுவதாக இல்லை.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால் ஹாஸ்டலுக்குத் திரும்பினாள். விஜயராணியின் கட்டில் பக்கத்தில் நர்ஸ் ஒருத்தியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மூன்றாம் மாடியில் ஏழு பேரும் தூங்காத கண்களோடு உட்கார்ந்திருந்தார்கள். விஜயராணி பிழைத்துவிட்டாள் என்று சொன்னதும் இரண்டு பேர் அழுதார்கள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ரத்தத்தைச் சொன்னாள், வளைந்துகொள்வதைச் சொன்னாள், தண்ணீரின் நெடி எதற்கு என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே போய் டிரம்மின் மேல் இருந்த சிவப்பு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தாள். பசை மட்டும் வரவில்லை.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஏழு பேரும் அவளையே பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவள் சொல்லிக்கொடுத்தது.

அபிராமிதான் பேசினாள். "ஆபீஸ் சார் உன்கிட்ட என்ன பேசுனாருக்கா?"

"என்ன பேசுவாரு?"

"விஜயராணிய நல்லாப் பாத்துக்கறோம், நீ போய் இவளுகளச் சரிக்கட்டுன்னு சொன்னாங்களா? மூணு மாசமா விசம்னு சொன்னதும் நீதான். இன்னைக்குக் குடின்னு சொல்றதும் நீதான்."

எட்டு வருடத்தில் அவளை இப்படி யாரும் கேட்டதில்லை. பளாரென்று அறை வாங்கியதுபோல் இருந்தது. கோபப்படக்கூட அவளுக்கு வழியில்லை. அவள் அபிராமியின் இடத்தில் இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பாள், இதைவிடக் கடுமையாகவே கேட்டிருப்பாள்.

"உன்ன ரெண்டாவது தடவ ஆஸ்பத்திரியில படுக்க வெச்சது நான்தான் அபிராமி," என்றாள் சென்னம்மாள். "டிரம் இல்ல. நான்."

டம்ளரை எடுத்து டிரம்மில் மொண்டாள். நெடி மூக்கில் ஏறியது. கண்ணை மூடாமல் குடித்தாள். இரண்டாவது டம்ளர் குடித்தாள். மூன்றாவதில் பாதி நெஞ்சில் வழிந்தது. அவள் கீழே விழுகிறாளா என்று ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஜானகியம்மாள் படியில் நின்றுகொண்டு, நேரமாச்சுங் கண்ணுகளா என்று கூப்பிட்டாள்.

சென்னம்மாள் டம்ளரை மறுபடி நிரப்பி நீட்டினாள். வெகுநேரம் யாரும் வாங்கவில்லை. கடைசியில் அபிராமி எழுந்து வந்து வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத் தண்ணீரைப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள், முகம் சுளித்தாள். பிறகு டம்ளரின் விளிம்புக்கு மேலாக சென்னம்மாளின் முகத்தை, எந்தப் பனியனையும் யாரும் இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள், அப்படிப் பார்த்தாள்.

ஒரு வாய் உறிஞ்சினாள். வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள்.

விழுங்குகிறாளா என்று சென்னம்மாள் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.